ஆயிரத்து இருநூறு கம்பளிக் கோட்டு

உட்காருங்க தம்பி. வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பார்த்தா சிக்னல் இறங்கிடுமா? எதிர்ல ஒரு வண்டி வருது. அது இந்த ஸ்டேஷனுக்குள்ள வந்து ஒதுங்கினாத்தான் நம்ம வண்டியை விட முடியும். ஒத்தை லைன். கிராஸிங்னு சொல்வாங்க. என்ன, நாப்பது நிமிஷம் ஆச்சா? ஆகட்டுமே. நாப்பது நிமிஷத்துக்கே இப்படி வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறீங்க. நான் ஒரு வண்டியைப் பதினோரு மணி நேரம் நிறுத்தி வச்சிருக்கேன். எண்ணூறு பேர் இருந்த வண்டி. எண்ணூறு பேரும் சண்டைக்குப் போறவங்க.

சும்மா அளக்கறேன்னு நினைக்காதீங்க. என் பேர் குருநாதன், ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். போன வருஷம்தான் வெளியில வந்தேன். திருச்சியில பொன்மலைப்பட்டியில வீடு. சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆச்சு. பையன் பம்பாயில இருக்கான், பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவான். வீட்டுல பேச்சுக்கு ஆள் கிடையாது. அதனால ரயில்ல ஏறிட்டா எனக்கு வாய் சும்மா இருக்காது. தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன். இல்லையா? அப்ப சரி.

நீங்க எதுவரைக்கும்? காரைக்குடியா. மருந்துக் கம்பெனி ரெப்பா? பையைப் பார்த்ததுமே நினைச்சேன். நான் உங்களுக்கு அடுத்தது, தேவகோட்டை ரஸ்தா. அங்க இறங்கி ரெண்டு பஸ் மாறி, சருகணிக்குப் பக்கத்துல ஒரு ஊருக்குப் போகணும். இன்னைக்கு நவம்பர் ரெண்டு இல்லையா, கல்லறைத் திருநாள். நான் கிறிஸ்தவன் கிடையாது. ஆனா இந்தத் தேதிக்கு வருஷம் தவறாமப் போயிடுவேன். இருபத்தேழு தடவை போயாச்சு, இது இருபத்தெட்டாவது. அங்க மிக்கேலம்மாள்னு ஒரு தங்கச்சி இருக்கு. கூடப் பிறந்ததில்லை. அது புருஷனைச் சண்டைக்கு வழியனுப்பி வச்ச ஆள் நான்தான். அந்த உறவு.

அறுபத்திரெண்டுல சீனாக்காரன் சண்டை வந்துச்சே, கேள்விப்பட்டிருப்பீங்க. நீங்க அப்பப் பிறந்திருக்கவே மாட்டீங்க. நான் அஸ்ஸாம் பக்கம் பொகுல்பாரின்னு ஒரு ஸ்டேஷன்ல உதவி ஸ்டேஷன் மாஸ்டர். கல்கத்தாவுல எங்க மாமா இருந்தாரு, அங்க போய்ப் பரீட்சை எழுதினேன், தூக்கி அந்தக் காட்டுல போட்டுட்டாங்க. ரெண்டு லைன், ஓரமா வேகன் ஒதுக்கி வைக்க ஒரு சைடிங், இன்ஜினுக்குத் தண்ணி ஏத்த ஒரு பம்பு. அவ்வளவுதான் ஸ்டேஷன். எனக்கு இருபத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகலை. தண்டவாளம் மாத்திவிடற பாயிண்ட்ஸ்மேன் ரெண்டு பேரும் அவங்க பாஷையில பேசிக்குவாங்க. எனக்குப் பேச ஆள் கிடையாது. தமிழ் காதுல விழுந்து எட்டு மாசம் ஆச்சுன்னா நம்புவீங்களா? சில நாள் சமைக்கிறப்ப அடுப்புகிட்ட நானே தமிழ்ல பேசிக்குவேன். உப்புப் போட்டாச்சா, போட்டாச்சுன்னு கேள்வியும் நான், பதிலும் நான்.

சண்டைன்னா நீங்க துப்பாக்கி, பீரங்கின்னு நினைப்பீங்க. ரயில்ல இருக்கறவனுக்குச் சண்டைன்னா வேகன். மேல மலையில ஒருத்தன் சுடணும்னா கீழே இருந்து குண்டு போகணும், அவன் திங்க அரிசி போகணும், போத்திக்கக் கம்பளி போகணும். எல்லாம் எதுல போகும்? கல்கத்தாப் பக்கமிருந்து பெரிய லைன்ல வர்ற சாமான் பாதி வழியில நின்னுடும். நடுவுல கங்கை, பாலம் கிடையாது, படகு. அக்கரையில கொஞ்ச தூரம் போனா சின்ன லைன். பெரிய லைன் வேகன் சின்ன லைன்ல ஓடாது. அத்தனையும் இறக்கி, ஆள் முதுகுல சுமந்து, மறுபடி ஏத்தணும். அந்தச் சின்ன லைனும் ஒத்தை லைன். பாலத்துக்குப் பாலம் வண்டியை நடக்க விடற வேகத்துல விடணும். தேயிலையும் விறகும் ஏத்திக்கிட்டுத் தூங்கி வழிஞ்ச லைன் அது. நாளைக்குப் பத்து வண்டி போனாலே பெரிசு. திடீர்னு ஒரு நாள் போன்ல கூப்பிட்டு முப்பது வண்டியை விடுன்னான். எங்க விடறது? மேல போற வண்டியும் அதே தண்டவாளம், கீழே வர்ற வண்டியும் அதே தண்டவாளம். எந்த வண்டிக்கு முதல்ல வழின்னு கேட்டா, எல்லாமே முதல்ல விட வேண்டிய வண்டின்னு பதில் வரும்.

அந்த அமளியில, அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி, ஒரு சரக்கு வண்டி புகைஞ்சுக்கிட்டே உள்ள வந்துச்சு. நடு வேகன்ல அச்சு சூடாகி கிரீஸ் எரியுது. அப்படியே விட்டா அச்சு முறிஞ்சு வண்டி கவிழும். அதனால என்ன பண்ணுவோம்னா, அந்த வேகனை மட்டும் கழட்டி சைடிங்ல தள்ளிட்டு, மேல சாக்பீஸ்ல 'சிக்'னு, அதாவது சீக்குன்னு, எழுதி வச்சுட்டு, மீதி வண்டியை அனுப்பிடுவோம். வேகன் பார்க்கற ஃபிட்டர் வந்து சரி பண்ணினதும் அடுத்த வண்டியில கோத்து விடணும். வண்டியோட வந்த கார்டு அந்த வேகனோட பேப்பரை என் கையில குடுத்தாரு. பட்டாளத்துச் சாமான். கதவுல ஈய சீல். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். அந்த நிமிஷத்துல இருந்து அந்த வேகன் என் பொறுப்பு.

நான் என் வேலையைச் செய்யலைன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. அன்னைக்கே மெசேஜ் குடுத்தேன், ஃபிட்டரை அனுப்புங்கன்னு. மறுநாளும் குடுத்தேன். தினம் ரெண்டு மெசேஜ். 'ஃபிட்டர் வேற இடத்துல இருக்கான், பொறு'ன்னு பதில். பொறுத்தேன். சீல் மட்டும் உடையாமப் பார்த்துக்கிட்டேன். ஏன்னா அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, புதுசா வேலையில சேர்ந்த சமயம், ஒரு சர்க்கரை வேகன்ல சீல் உடைஞ்சிருந்துச்சு. நான் உடைக்கலை. ஆனா என் டூட்டியில. சார்ஜ் ஷீட் குடுத்து, பெரிய ஆபீசர் முன்னாடி நிறுத்தி, திருட்டுப் பயலைக் கேட்கற மாதிரி கேட்டாங்க. அன்னைக்கு ஒரு முடிவு பண்ணினேன், இந்த ஜென்மத்துல என் டூட்டியில சீல் உடையாதுன்னு. பொகுல்பாரியில காலையில எழுந்து முகம் கழுவறதுக்கு முன்னாடி அந்தச் சீலைப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். இருக்கும்.

நவம்பர் நாலாம் தேதி காலையில ஆறு மணிக்கு அந்தப் பட்டாளத்து வண்டி வந்துச்சு. ரோடு போடற, பாலம் கட்டற பட்டாளம். அடுத்த ஸ்டேஷன்ல ரெண்டு லைனும் அடைச்சுக் கிடக்குது, ஒரு இன்ஜின் வேற படுத்துடுச்சு. மேல இருந்து காயம்பட்டவங்களை ஏத்திக்கிட்டு ஒரு வண்டி இறங்குது, அதுக்குப் பின்னால தேயிலைத் தோட்டத்து ஜனங்க குழந்தை குட்டியோட ஒரு வண்டி. நான் எப்படி விடறது? அடுத்த ஸ்டேஷன்ல இருந்து லைன் கிளியர் கிடைச்சா இரும்பு உருண்டை மாதிரி ஒரு டோக்கன் மெஷின்ல இருந்து வெளியில வரும், அதைப் பிரம்பு வளையத்துல மாட்டி டிரைவர் கையில குடுக்கணும். அது கையில இல்லாம எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டான். மெஷின் டோக்கனைத் தரலை. போதாக்குறைக்குப் பம்பும் மக்கர். கடைசியில பட்டாளத்து ஆளுங்களே குளத்துல இருந்து வரிசையா நின்னு வாளி வாளியா இன்ஜினுக்குத் தண்ணி ஊத்தினாங்க. சண்டைக்குப் போற கையில வாளி.

இன்ஜின்கிட்ட ஒரு பையன் தகர மக்கோட நின்னு டிரைவரைச் சுடுதண்ணி கேட்டுக்கிட்டு இருந்தான். இன்ஜின்ல இருந்து சுடுதண்ணி பிடிச்சு டீ போடறது பட்டாளத்துல வழக்கம். டிரைவர் ஏதோ சொல்லி விரட்டிட்டான். பையன் திரும்பி, "ஒரு செம்புத் தண்ணிக்கு இம்புட்டு ராங்கியா இவனுக்கு"ன்னான். தம்பி, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கையில கொடியை வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். "எந்த ஊருப்பா நீ?"ன்னேன். அவன் மக்கைக் கீழே போட்டுட்டான். "அண்ணே, தமிழா?"ன்னான்.

சவரிமுத்து. சருகணிப் பக்கம். இருபத்துநாலு வயசு, ஒல்லியா, பல்லு மட்டும் எடுப்பா இருக்கும். கல்யாணமாகிப் பதினாலு மாசம். மச்சான்காரனும் அதே வண்டியில இருந்தான், அதாவது பொண்டாட்டியோட கூடப் பிறந்த அண்ணன், அருளப்பன்னு பேரு. அவனுக்குக் காய்ச்சல், உள்ள படுத்திருந்தான், அவனுக்காகத்தான் சுடுதண்ணி. நான் குவார்ட்டர்ஸ்ல கொதிக்க வச்சுக் குடுத்தேன். அப்புறம் சவரிமுத்து என்னை விட்டு நகரலை. நானும் அவனை விடலை. ரசம் வச்சேன், ரெண்டு பேரும் சாப்பிட்டோம். என்ன பேசினோம்னு கேட்டா ஒண்ணுமில்லை. ஊர்ல மழை உண்டா, கண்மாய் பெருகியிருக்குமா, இதுதான். அவன் பேசப் பேச நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். நடு நடுவுல போய் மெஷினைப் பார்த்துட்டு வருவேன். டோக்கன் வராது. உண்மையைச் சொல்றேனே, வராததுல எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மத்தியானம் அவன் சைடிங் பக்கம் போய், அந்த வேகன் நிழல்ல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்து பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதினான். "தபால்ல போட்டுருங்கண்ணே"ன்னு குடுத்தான். "மேல பனி கொட்டுதாம்ண்ணே. எங்களுக்கு இன்னும் கோட்டு வரல. பருத்திச் சட்டையும் ஒரு ஸ்வெட்டரும்தான் குடுத்திருக்காக. மேல போனாக் கிடைக்கும்ங்கிறாக"ன்னான். அப்புறம் வேகனைத் தட்டி, "இதுல என்னண்ணே?"ன்னான். பட்டாளத்துச் சாமான்ப்பா, ரகசியம், சொல்லக் கூடாதுன்னேன். அந்த நேரத்துல அப்படித்தான் விதி. சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கும், எதிரி காதுல விழுந்துடும், பேசாதேன்னு.

அஞ்சு மணிக்கு டோக்கன் வந்துச்சு. வண்டி கிளம்பறப்ப என் கழுத்துல இருந்த மப்ளரைக் கழட்டி அவன் கழுத்துல சுத்தினேன். பச்சை மப்ளர், கல்கத்தாவுல வாங்கினது, என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். கையால் ஆனதைச் செய்யணும் இல்லையா? அவன் வாசல்ல நின்னு வளைவு திரும்பற வரைக்கும் கையை ஆட்டினான். அன்னைக்கு நான் மறுபடி சமைக்கலை. அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவறதுக்கு மனசு வரலை.

நவம்பர் இருபத்தொண்ணுல சண்டை நின்னுடுச்சு. அப்புறம் கீழே இறங்கின வண்டிகளைப் பார்க்கணுமே. குண்டு பட்டவங்களை விடக் குளிர் பட்டவங்க அதிகம். காலெல்லாம் கறுத்து, துணி சுத்தி. ஒவ்வொரு வண்டியிலயும் ஏறி "சவரிமுத்து"ன்னு கூப்பிட்டுக்கிட்டே போவேன். யாரும் திரும்பலை.

என் வேகன் அங்கேயேதான் நின்னுச்சு. ஃபிட்டர் ஜனவரி ஒன்பதாம் தேதி வந்தான். ஒரு சட்டி கிரீஸ், ஒரு பித்தளைத் துண்டு. அரை மணி நேர வேலை. எழுபத்திமூணு நாள் நின்ன வேகன், அரை மணி நேரம். கூடவே ஒரு பட்டாளத்து ஆபீசர் வந்து சீலை வெட்டிக் கதவைத் திறந்து எண்ணச் சொன்னாரு. ஆயிரத்து இருநூறு கம்பளிக் கோட்டு. ஒண்ணு குறையலை. முழங்கால் வரைக்கும் வரும், பச்சை நிறம், கனம்னா அப்படி ஒரு கனம். ஆபீசர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. பாராட்டுக் கடிதம் வந்துச்சு. கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டியிருக்கேன். அந்தச் சண்டையில எந்தெந்த ஸ்டேஷன்ல எவ்வளவு சாமான் காணாமப் போச்சு தெரியுமா? என் ஸ்டேஷன்ல ஒரு பொத்தான் போகலை.

என்ன கேட்கறீங்க? உள்ள என்ன இருந்துச்சுன்னு முன்னாடியே தெரியுமாவா?

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

பேப்பர்ல போட்டிருந்துச்சு தம்பி. கார்டு குடுத்த பேப்பர்ல. கோட்டு, கம்பளி, ஆயிரத்து இருநூறு. நான் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மெஷின் மேஜை டிராயர்ல இருந்துச்சு. சவரிமுத்து "இதுல என்னண்ணே"ன்னு கேட்டப்ப ரகசியம்னு நான் சொல்லலை. சிமெண்ட்டுன்னு சொன்னேன்.

ரகசியம்னா அவன் இன்னொரு கேள்வி கேட்பான். கோட்டுன்னா ஓடிப் போய் அவன் ஆபீசர்கிட்ட சொல்வான். ஆபீசர் நேரா என்கிட்ட வந்து, 'உடை சீலை'ன்னு சொல்வான். உடைச்சா? சாமான் போக வேண்டிய விலாசம் வேற டிப்போ. பதில் சொல்ல வேண்டியவன் நான். பட்டாளத்து ஆபீசர் வண்டி ஏறிப் போயிடுவான், அவன் கையெழுத்தை நான் எங்க போய்த் தேடறது? நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா உடைச்சிருப்பீங்களா? இப்பச் சொல்றது சுலபம். அன்னைக்கு அந்தக் காட்டுல, சார்ஜ் ஷீட் வாங்கினவன் நிலைமையில நின்னு பாருங்க. அந்த வண்டி பதினோரு மணி நேரம் நின்னது என் தப்பா? ஃபிட்டர் வராதது என் தப்பா? ஒத்தை லைன் போட்டது நானா?

சரி விடுங்க. கோபம் உங்க மேல இல்லை.

மறு வருஷம் ஏப்ரல் மாசம் லீவுல ஊருக்கு வந்தேன். அவன் லெட்டர்ல எழுதின விலாசத்தைக் குறிச்சு வச்சிருந்தேன், போனேன். 'காணவில்லை'ன்னு பட்டாளத்துல இருந்து தந்தி வந்திருந்துச்சு. மிக்கேலம்மாளுக்கு அப்ப இருபது வயசு. அழுது ஓய்ஞ்ச முகம். எனக்கு மோர் குடுத்துட்டு, தூணைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அண்ணே, அவுகளுக்குக் குளிர் ஆகாது. மார்கழி வந்தாலே நெஞ்சு இழுக்கும். அங்க போகையில மேலுக்கு என்ன போட்டிருந்தாக?"

நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? நான் சொன்னேன், "கோட்டு போட்டிருந்தான்மா. நல்ல கம்பளிக் கோட்டு. என் கண்ணால பார்த்தேன்." அந்தப் பிள்ளை முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு பாருங்க. "அப்படின்னாக் குண்டு பட்டுத்தான் போயிருப்பாக. சட்டுனு போயிருக்கும்"னு சொல்லுச்சு. நல்ல காரியம் பண்ணினோம்னு திரும்பி வந்தேன். இன்னைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு கஷ்டத்துல இருக்கற பொண்ணுக்கு ஒரு ஆறுதல்.

அறுபத்தாறுல மாற்றல் வாங்கி இந்தப் பக்கம் வந்ததுல இருந்து வருஷா வருஷம் போறேன். சவரிமுத்துக்குக் குழி கிடையாது, உடம்பு வரலையே. குழி இல்லாதவங்களுக்குக் கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில மெழுகுவர்த்தி வைப்பாங்க. மிக்கேலம்மாள் ஒண்ணு ஏத்தும், நான் ஒண்ணு ஏத்துவேன். ஏத்தி முடிச்சதும் ஒவ்வொரு வருஷமும் கேட்கும், "கோட்டு என்ன நிறம்ணே?" பச்சைம்மா. "எம்புட்டு நீளம்?" முழங்கால் வரைக்கும்மா. நான்தான் பார்த்திருக்கேனே, ஆயிரத்து இருநூறையும் எண்ணியிருக்கேனே, தடுமாறாமச் சொல்வேன். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போடும். வருஷத்துல ஒரு நாள் எனக்காக ஒருத்தர் உலை வைக்கிறாங்கன்னா அது அங்கதான்.

அந்த அருளப்பன் இருக்கானே, காய்ச்சல்ல படுத்திருந்த மச்சான், அவன் உயிரோட வந்துட்டான். சீனாக்காரன்கிட்ட பிடிபட்டு, நான் போய்ட்டு வந்த அடுத்த மாசம் விட்டானாம். அதே ஊர்தான். ஆனா அண்ணன் தங்கச்சிக்குள்ள பேச்சு வார்த்தை கிடையாது. நிலத் தகராறா இருக்கும்னு நான் கேட்டுக்கலை, அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதுக்கு? கல்லறைத் தோட்டத்து வாசல்ல தள்ளி நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருப்பான். ஒரு வணக்கம் கிடையாது. மரியாதை தெரியாத ஆளு.

இந்தத் தடவைதான் கொஞ்சம் மனசு சரியில்லை. மிக்கேலம்மாள் எனக்குக் கிறிஸ்மஸுக்குத்தான் லெட்டர் போடும். இந்த வருஷம் அக்டோபர் பதினாலாம் தேதியே ஒரு இன்லண்டு லெட்டர் வந்துச்சு. அகாலத்துல வந்த லெட்டர். நேர்லதான் போகப் போறோமே, எதுக்குப் பிரிக்கணும்னு மேஜை டிராயர்ல போட்டு வச்சேன். இதோ, பையில இருக்கு. பாருங்க, ஒட்டினது ஒட்டினபடி இருக்கு.

பிரிக்கவா? நீங்க சொல்றீங்க. பிரிச்சு என்ன ஆகப் போகுது. சரி, சிக்னல் வேற இறங்கலை. இருங்க, கண்ணாடியை எடுத்துக்கறேன்.

"அன்புள்ள குருநாதன் அண்ணனுக்கு, மிக்கேலம்மாள் எழுதுவது. அருளப்பன் அண்ணன் படுத்த படுக்கையாய் இருக்கிறது. சாமியார் வந்து கடைசி எண்ணெயும் பூசிவிட்டுப் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டு விட்டது. முப்பது வருசமாய் நான் மிதிக்காத வாசல். போனேன்."

எழுத்து சின்னதா இருக்கு. இருங்க.

"சாகப் போகிற நேரத்திலும் அதையேதான் சொல்கிறது. யாருக்கும் கோட்டு இல்லை தாயீ, சவரி என் மடியில்தான் விறைத்துப் போனான், என் சட்டையையும் கழட்டிப் போட்டேன், பத்தவில்லை என்கிறது. அன்றைக்கு ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது, குருநாதன் அண்ணன் கண்ணால் பார்த்த கோட்டை இல்லை என்கிறாயே, என் புருசனைச் சாகவிட்டு ஓடி வந்து கதை கட்டுகிறாயா என்று கேட்டேன். ஊரும் கேட்டது. கட்டிக்கிறதாக இருந்த பெண் வீட்டாரும் வேண்டாமென்றார்கள். அது இன்று வரை தனிக்கட்டை."

தம்பி, இது எனக்குத் தெரியாது. நிலத் தகராறுன்னுதான் நான் நினைச்சேன். சத்தியமா.

"கழுத்தில் ஒரு பச்சை மப்ளர் மட்டும்தான் இருந்தது என்கிறது."

இல்லை, ஒண்ணுமில்லை. படிக்கிறேன். மப்ளரைப் பத்தி நான் அதுகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை. கோட்டு போட்டவனுக்கு எதுக்கு மப்ளர்னு கேட்டுடுமோன்னு.

"சாகப் போகிறவர்கள் பொய் சொல்வார்களா அண்ணே? நீங்களும் பொய் சொல்கிற ஆள் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருக்கிறது. கல்லறைத் திருநாள் வரைக்கும் அதற்கு உயிர் தங்காது என்கிறார்கள். லெட்டர் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். அருளப்பன் அண்ணன் முகத்துக்கு நேராக நின்று சொல்லுங்கள். கோட்டு இருந்ததா இல்லையா. அதற்கப்புறம்தான் நான் அதன் வாயில் பால் ஊற்ற முடியும்."

அவ்வளவுதான் எழுதியிருக்கு. தேதி அக்டோபர் பன்னெண்டு.

இன்னைக்கு நவம்பர் ரெண்டு. பத்தொன்பது நாள் என் டிராயர்ல இருந்திருக்கு. தேவகோட்டைக்கு என்ன தூரம் தம்பி? காலையில ஏறினா மத்தியானம் போயிடலாம்.

அருளப்பன் கல்லறைத் தோட்டத்து வாசல்ல நின்னு பார்த்தானே, அத்தனை வருஷமும். ஒரு வார்த்தை கேட்கலை என்னை. கேட்டிருக்கலாம். நான் மெழுகுவர்த்தியை ஏத்திட்டு, பச்சைம்மா, முழங்கால் வரைக்கும்மான்னு சொல்றது அவன் காதுல விழுந்திருக்கும். அப்புறம் சோறு தின்னுட்டு பஸ் ஏறுவேன். அவனுக்கு யார் உலை வச்சிருப்பா?

சொல்லிடறேன். ஒண்ணும் பெரிசா இல்லை, ரெண்டு வரிதான். அவர் பொய் சொல்லலைம்மா. சவரிமுத்துக்குக் கோட்டு கிடையாது. கோட்டு என்கிட்ட இருந்துச்சு. அவன் சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தானே, அந்தக் கதவுக்குப் பின்னாடி. இவ்வளவுதானே? வாயில வருது பாருங்க. அருளப்பன் முகத்துக்கு நேரா நின்னே சொல்லிடுவேன். காது கேட்கற நிலைமையில இருக்கணும், அதுதான்.

ஏன் தம்பி, இன்னுமா அந்த வண்டி வரலை? என்ன பண்றாங்க இவங்க? ஒரு வண்டியை இப்படியா போட்டு வைக்கிறது? நான் இறங்கிப் போய் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்துட்டு வரேன். தெரியும், தெரியும், எதிர் வண்டி வராம விட முடியாது, எனக்கே நீங்க சொல்ல வேண்டாம். முப்பத்திமூணு வருஷம் அதைத்தான் எல்லாருக்கும் சொன்னேன். இருந்தாலும் போய்க் கேட்கறேன். அங்க ஊர்ல ஒரு ஆள் இழுத்துக்கிட்டு இருக்காருன்னு சொன்னா, அவனும் மனுஷன்தானே.

பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க தம்பி. உங்க வாட்ச்ல மணி என்ன?